மரச்சீனியும் சாளைக் குழம்பும்

அவித்த மரச்சீனி. காந்தாரி மிளகாய்த் துவையல். சாளை மீன் குழம்பு. மழை பெய்யும் சாயங்காலத்தில் வேறு என்ன வேண்டும்?

மலையாளத்தில் இதைக் கப்பை என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மரவள்ளிக் கிழங்கு என்பார்கள். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும் கிடைக்கும், கரமனையிலும் கிடைக்கும்.

இந்தக் கிழங்கு நம் ஊரில் பிறந்தது அல்ல. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் விசாகம் திருநாள் ராஜா. மக்களின் பசி தீர இதைப் பயிரிடச் சொன்னவர் அவர். 1942-இல் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசி வருவது நின்றது. அப்போது திருவிதாங்கூரில் பல வீடுகளில் பசியைத் தீர்த்தது மரச்சீனிதான்.

இப்படி உயிர் காத்த உணவை இன்று சிலர் பயத்தோடு பார்க்கிறார்கள். "எனக்குச் சர்க்கரை நோய். இனி மரச்சீனியைத் தொடவே கூடாதாமே?" என்று நம் மையத்துக்கு வரும் ஓர் அக்கா கேட்டார்.

100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல் இருக்கிறது. புரதம் 1 கிராம் அளவுதான். மாவுச்சத்து வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாக மாறும். பிறகு ரத்தத்தில் கலக்கும். தட்டு நிறையத் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். கூடவே சோறும் உண்டால் இன்னும் ஏறும். சோறும் மாவுச்சத்துதானே! ஆகவே மரச்சீனி உண்ணும் வேளையில் சோறு வேண்டாம். கிழங்கு ஒரு சிறு கிண்ணம் போதும். மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் தங்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது.

சிறு கிண்ணத்தில் வயிறு நிறையுமா? அதற்குத்தான் சாளை. 100 கிராம் சாளையில் புரதம் 20 கிராம் அளவு உண்டு. இதயத்துக்கு நல்ல கொழுப்பும் உண்டு. கிழங்கில் இல்லாததை மீன் தருகிறது. மீனைப் பொரிக்காமல் குடம்புளி போட்டுக் குழம்பு வையுங்கள். மண்சட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் ருசி. என்னைக் கேட்டால், பொரித்த மீன் மரச்சீனிக்குப் பொருந்தவே பொருந்தாது! மீன் உண்ணாதவர்கள் வேகவைத்த சிறுபயறு சேர்க்கலாம்.

இனி, எல்லாருக்கும் தெரிய வேண்டிய விஷயம். பச்சை மரச்சீனியில் சயனைடு என்ற நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலில் அது அதிகம். கசப்புக் கிழங்கிலும் அதிகம். இலையிலும் உண்டு. மரச்சீனி இலையைத் தின்று ஆடு மாடு சாவது இதனால்தான்.

ஆனால் சமைக்கும் முறை சரியாக இருந்தால் பயம் இல்லை. தோலை முழுதும் உரியுங்கள். சிறு துண்டாக வெட்டுங்கள். நிறையத் தண்ணீர் ஊற்றி நன்றாக வேகவையுங்கள். வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நஞ்சில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். சிலர் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி வற்ற விடுகிறார்கள். அது கூடாது. பச்சையாகத் தின்னவும் கூடாது. வெந்த பிறகும் கசந்தால் பாசம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

தண்ணீரை வடித்த பிறகு உப்புப் போடுங்கள். அப்போது குறைந்த உப்பே போதும். குழம்பிலும் உப்பு இருக்கிறது அல்லவா? தேங்காயைப் பாதியாகக் குறையுங்கள். சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காந்தாரி மிளகாய் மூன்றையும் தட்டிப் போட்டால் மணம் குறையாது.

வீட்டில் மரச்சீனி நட விரும்புகிறீர்களா? ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'ஸ்ரீ விசாகம்' என்ற ரகம் அங்கே உருவானதுதான். நல்ல ரகங்களைப் பற்றி அங்கே கேட்கலாம்.

பார்த்து எழுதுங்கள்: நஞ்சு, புரதம், மாவுச்சத்து, குடம்புளி.

பதில் எழுதுங்கள்:
1. மரச்சீனி வெந்த தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும்?
2. உங்கள் வீட்டில் மரச்சீனிக்கு என்ன குழம்பு? செய்முறையை ஐந்து வரியில் எழுதுங்கள்.