அடிப்படை வருமானம்: தொகையும் அது தரும் உறுதியும்

வறுமை என்றதும் வருமானக் குறைவையே நாம் எண்ணுகிறோம். அவ்வருமானம் எந்நாளில் வரும் என்று அறிய முடியாத நிலையும் வறுமையின் ஒரு கூறேயாகும். வேலையில்லாத வாரத்தில் அரிசிக்கும் மருந்துக்கும் கடன் வாங்கும் குடும்பம், கூலி கிடைத்த வாரத்தில் அதனை வட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. இச்சுழலை உடைக்கும் வழிகளுள் ஒன்றாகப் பொருளியலார் சிலர் முன்வைப்பதே நிபந்தனையற்ற அடிப்படை வருமானம்.

மூன்று கூறுகள்

இத்திட்டத்திற்கு மூன்று கூறுகள் உண்டு. தொகை அனைவருக்கும் உரியது. குறித்த காலந்தோறும் பணமாக வழங்கப்படுவது. பெறுபவர் எவ்வாறு செலவிட வேண்டும் என்ற கட்டளை இல்லாதது. "உழைக்காமல் பெறும் பணம் சோம்பலை வளர்க்காதா? மதுக்கடைக்குப் போய்ச் சேராதா?" என்னும் ஐயங்கள் இயல்பானவை. அவற்றுக்கு விடை தேட உதவும் சோதனை ஒன்று நம் நாட்டிலேயே நடந்துள்ளது.

மத்தியப் பிரதேசச் சோதனை

2011-ஆம் ஆண்டில் சேவா என்னும் மகளிர் அமைப்பு, யூனிசெப் நிதியுதவியுடன் மத்தியப் பிரதேசச் சிற்றூர்கள் சிலவற்றில் இதனைத் தொடங்கியது. பெரியவர் ஒருவருக்கு மாதம் 200 ரூபாயும், குழந்தைக்கு 100 ரூபாயும் வழங்கப்பட்டன. குழந்தையின் பங்கு தாயிடம் சேர்ந்தது. ஓராண்டுக்குப் பின் இத்தொகைகள் முறையே 300, 150 என உயர்த்தப்பட்டன. பெற்றோரும் மூன்று குழந்தைகளும் உள்ள குடும்பம் முதலில் 700 ரூபாயும் பின்னர் 1,050 ரூபாயும் பெற்றது. தொகை பெறாத ஊர்களோடு ஒப்பிட்டே பயன் அளக்கப்பட்டது.

குழந்தைகளின் ஊட்டநிலையும் பள்ளி வருகையும் மேம்பட்டன. மதுச் செலவு பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உழைப்பும் குறையவில்லை, கூலி வேலையை விட்டுச் சொந்த நிலத்திலும் கால்நடை வளர்ப்பிலும் ஈடுபட்டோர் கூடினர். சிறு தொகையே ஆயினும், தவறாமல் வரும் என்ற உறுதி இருந்தமையால் விதைக்கும் ஆட்டுக்கும் துணிந்து செலவிட முடிந்தது.

தமிழகத்தின் உரிமைத் தொகை

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் இக்கருத்துக்கு அண்மையில் நிற்பது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் சேர்க்கப்பட்டது. வருமானம், நிலம், மின் நுகர்வு ஆகியவற்றுக்கு வரம்புகள் உள்ளமையால் இது அனைவருக்குமான வருமானம் அன்று. எனினும், பணத்தை எவ்வாறு செலவிடுவது என்ற முடிவு பெண்ணுடையதே.

செலவும் விலையும்

நாடு முழுவதற்கும் இதற்கான செலவு பெரிது. ஒருவருக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், அதாவது மாதம் 635 ரூபாய் என மக்களில் 75 விழுக்காட்டினர்க்கு வழங்கினால், நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.9 விழுக்காடு தேவைப்படும் என 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டது. ஆகவே, ஏனைய மானியங்களை நிறுத்திவிட்டு இதனை வழங்கலாமா என்ற வினா எழுகிறது.

டெலானிபூரில் வாழும் நம் வாடிக்கையாளர்க்கு இவ்வினாவின் கனம் எளிதில் விளங்கும். தீவுகளுக்குப் பெரும்பாலான பொருள்கள் பெருநிலத்திலிருந்து கப்பலில் வருகின்றன. கப்பல் தாமதித்தால் விலை ஏறும். கணக்கில் வரும் ரூபாய் அதனுடன் ஏறாது. நியாயவிலைக் கடையின் ஐந்து கிலோ அரிசியோ, விலை ஏறினாலும் ஐந்து கிலோவே. எனவே, விலைவாசிக்கேற்ப உயராத தொகையை அரிசிக்கு மாற்றாக்குவது ஏழைக்கு இழப்பாகவே முடியலாம். அரிசியோடு சேர்த்து வழங்கினால் அது துணையாகும்.

நாம் செய்யத்தக்கவை

எத்தொகையும் உரியவரின் கையை அடைந்தாலே பயன். ஆதார் வழி வழங்கப்படும் அரசுப் பணம், ஒருவர் அதற்கென இறுதியாக ஆதாரை இணைத்த கணக்கிற்கே செல்லும். இரண்டு கணக்கு உள்ளவர்கள், எது இணைந்துள்ளது என்பதைக் கிளையில் உறுதி செய்துகொள்க. வீட்டுப் பெண்களுக்குத் தம் பெயரிலேயே தனிக்கணக்கு இருத்தல் நன்று. குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கே போதும். கைப்பேசி எண் மாறினால் உடனே தெரிவித்திடுக. பணம் வந்ததை அறிந்தவரே அதனைத் திட்டமிட்டுச் செலவிட முடியும்.