சாரலுக்கு முன் வைப்பரைப் பாருங்கள்

ஜூன் பிறந்து ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிட்டால் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல்தான். கொட்டும் மழையைவிட வைப்பருக்குச் சோதனை இந்தச் சாரலே. கண்ணாடியை முழுக்க நனைக்காமல் பூசினாற்போல் நிற்கும். சித்திரை வெயிலில் விறைத்துப்போன ரப்பர் அதை வழிக்காமல் இழுவிவிட்டுப் போகும்.

கோடு கோடாக நீர் நின்றால் உடனே பிளேடை மாற்ற வேண்டாம். ஈரத்துணியால் ரப்பர் விளிம்பைத் துடையுங்கள். கரி போல அழுக்கு வரும். அது நிற்கும்வரை துடைத்து, கண்ணாடியையும் கழுவிப் பாருங்கள். குற்றால அருவிக் குளியலுக்கு எண்ணெய் தேய்த்த கையால் மட்டும் கண்ணாடியைத் தொடாதீர்கள். இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் அந்த இடமே வெள்ளையாகிவிடும்.

விளிம்பு கிழிந்திருந்தாலோ, துடைத்த பிறகும் தடதடவென்று குதித்தாலோ மாற்றத்தான் வேண்டும். டிரைவர் பக்கமும் மறுபக்கமும் பெரும்பாலும் ஒரே நீளம் இருக்காது. இரண்டையும் அங்குலத்தில் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கழற்றுமுன் மடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடிமேல் போடுங்கள். பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். நூறுகளில் முடியும் வேலை ஆயிரங்களுக்குப் போகும். கொக்கி வகையானால், நடுவிலுள்ள லாக்கை அழுத்தியபடி பிளேடைக் கீழே தள்ளினால் கழன்றுவிடும். புதியதை மாட்டும்போது 'டிக்' சத்தம் கேட்க வேண்டும்.

குற்றாலத்தில் வைப்பரைத் தூக்கி வைத்து வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்கு அது விளையாட்டுச் சாமான். கண்ணாடி உள்பக்கம் பனி பூத்தால் வைப்பர்மேல் குற்றமில்லை. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.