ரயில் பெட்டிக்குள் ஓர் இருட்டறை



பழைய ரயில் புகைப்படம் என்றாலே நம் நினைவுக்கு வருவது கறுப்பு வெள்ளைதான். ஆனால் 1909 முதல் 1915 வரை ரஷ்யாவில் ஒருவர் ரயில் பாதைகளையும், பாலங்களையும், அங்கே வேலை பார்த்தவர்களையும் கலரில் எடுத்து வைத்திருக்கிறார். கலர் ஃபிலிம் ரோல் கடைக்கு வராத காலம் அது. எப்படி எடுத்தார்? டிப்ளமோ படிக்கும் நாம் அவற்றை எப்படிப் பார்க்க வேண்டும்? இந்த இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

அவர் பெயர் செர்கேய் புரோகுதின்-கோர்ஸ்கி (1863–1944). வேதியியல் கற்றவர். ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் இவருக்கு நாடு முழுவதும் படம் எடுக்க அனுமதியும், இருட்டறை வசதி செய்த ஒரு ரயில் பெட்டியும் கொடுத்தார். ரயிலைப் படம் எடுத்தவருக்கு ரயிலே ஆய்வுக்கூடம் ஆனது!

கலர் வந்த விதம்

நீளமான ஒரே கண்ணாடித் தகடு. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படம். நீலம், பச்சை, சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர். மூன்றுமே கறுப்பு வெள்ளை நெகட்டிவ்தான். அவற்றிலிருந்து பிரதி எடுத்து, மூன்று லென்ஸ் உள்ள விளக்கில் வைத்து, அதே நிற ஃபில்டர்கள் வழியாகத் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழச் செய்தால் கலர் கிடைத்துவிடும். இன்று நம் செல்போன் திரை கலர் காட்டுவதும் இந்த மூன்று நிறத்தை வைத்துத்தான்.

ஒரே ஒரு சிக்கல். மூன்று படமும் ஒரே நேரத்தில் விழாது, அடுத்தடுத்துதான் விழும். நடுவில் யாராவது அசைந்தால் ஓரத்தில் கலர் கலராகக் கோடு தெரியும். ஓடும் ரயிலை எடுக்கவே முடியாது. ஆகவே தொழிலாளிகள் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. படத்தில் தெரியும் அமைதி கேமராவுக்காக வந்த அமைதி. இதை மறக்கக் கூடாது.

மூன்று படங்கள்

1910-இல் உஸ்த்-கதாவ் என்ற ஊருக்கு அருகே எடுத்த படத்தில் ஒரு பாயிண்ட்ஸ்மேன் நிற்கிறார். தண்டவாளத்தின் நாக்கு சரியாகப் பொருந்தாவிட்டால் வண்டி தடம் புரண்டுவிடும். அத்தனை உயிரும் அவர் கையில் உள்ள லீவரில். ஆனால் படக்குறிப்பில் அவர் வேலை இருக்கிறது, பெயர் இல்லை.

1915-இல் பெத்ரோசவோத்ஸ்க் அருகே மூர்மன்ஸ்க் பாதையில் எடுத்தது இன்னொன்று. கையால் இயக்கும் டிராலியில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் புரோகுதின்-கோர்ஸ்கியே.

அதே பாதையில் எடுத்த மூன்றாவது படத்தில் ஆஸ்திரியப் போர்க் கைதிகள் ஒரு மரக் கொட்டகை அருகே நிற்கிறார்கள். முதல் உலகப் போரில் வடக்கே உள்ள துறைமுகத்துக்கு அவசரமாகப் போட்ட பாதை அது. குளிரிலும் நோயிலும் கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். படத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அதனால்தான் படத்தோடு வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன்.

பெயர் எழுதினால் என்ன ஆகும்?

இவரே 1909-இல் ஒரு கால்வாய் மதகுக் காவலரைப் படம் எடுத்தார். பெயர் பின்ஹுஸ் கார்லின்ஸ்கி, வயது 84, வேலையில் 66 ஆண்டு என்று குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு வரியால் அவர் இன்றும் ஒரு மனிதராக நம் முன் நிற்கிறார்.

புரோகுதின்-கோர்ஸ்கி 1918-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, 1944-இல் பாரிஸில் காலமானார். அவருடைய 1,902 நெகட்டிவ்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1948-இல் அவர் குடும்பத்தாரிடம் வாங்கியது. பிறகு கம்ப்யூட்டர் மூலம் மூன்று நிறமும் சேர்க்கப்பட்டன.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் தாத்தா வேலை செய்யும்போது எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. பயிற்சிக்குப் போகும் ஒர்க் ஷாப்பில் நமக்குத் தொழில் சொல்லித்தரும் ஃபிட்டரை, வெல்டரை ஒரு படம் எடுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெயர், வேலை, இடம், தேதி நான்கையும் எழுதி வையுங்கள். டைட்டில் பிளாக் இல்லாத டிராயிங்கை நம் வகுப்பில் வாங்குவார்களா? படத்துக்கும் அதே சட்டம்தான்!