உடற்பருமனும் எதுக்களிப்பு நோயும்

இரவு உணவு முடித்துப் படுத்த சிறிது நேரத்தில் மார்பின் நடுவே தீப்பட்டாற்போல் எரிச்சல் எழுவதையும், புளித்த நீர் தொண்டைவரை எதிர்த்து வருவதையும் நம்மில் பலர் அறிவோம். 'வாயு' என்றும் 'பித்தம்' என்றும் பெயரிட்டு, ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அதனை மறந்தும் விடுகிறோம். எப்போதேனும் ஒருமுறை தோன்றுவதாயின் அஞ்சுவதற்கில்லை. ஆனால் வாரந்தோறும் வந்து வருத்துமாயின் அது நோயே ஆகும். அமில எதுக்களிப்பு நோய் எனப்படும் இதற்கும் நம் உடல் எடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பினை ஈண்டு ஆராய்வோம்.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் உணவு ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பையை அடைகிறது. அங்கே சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. இரைப்பையின் உட்சுவரை வழுவழுப்பான ஒரு படலம் காத்து நிற்பதால் அவ்வமிலம் அதனை அரிப்பதில்லை. உணவுக்குழாய்க்கு அத்தகைய வலிய காப்பு இல்லை. ஆகவே அமிலம் மேலேறாதவாறு, குழாயும் பையும் கூடுமிடத்தில் ஒரு சுருக்குத்தசை வாயிற்காவலன்போல் அமைந்துள்ளது. உணவு இறங்குங்கால் அது நெகிழும், பின்னர் இறுகிக்கொள்ளும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் அவ்விடத்தைச் சுற்றி நின்று துணைபுரிகிறது.

இக்காவல் தளரும்போது அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்படுத்துகிறது. 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் ஆஷர் விங்கல்ஸ்டீன் என்பார், இரைப்பைச் சாற்றினால் உணவுக்குழாயில் அழற்சி உண்டாகக்கூடும் என எழுதினார். நெடுநாள் கவனியாது விட்டால் குழாய் சுருங்கி விழுங்குதல் அரிதாகலாம். சிலருக்கு அதன் உட்படலமே மாறுபடும். அவ்வாறு மாறியோருள் மிகச் சிலருக்குப் புற்றுநோய் தோன்றுதலும் உண்டு.

பருமன் எவ்வாறு காரணமாகிறது?

கொழுப்பு தோலின் அடியில் மட்டும் சேர்வதன்று. வயிற்றினுள்ளே குடலைச் சூழ்ந்தும் அது படிகிறது. அவ்வாறு படிந்த கொழுப்பு இரைப்பையை எப்போதும் அழுத்திய வண்ணம் இருக்கும். நீர் நிறைந்த தோற்பையை இறுகப் பிடித்தால் நீர் வாய்வழியே பீறிடுமன்றோ? அதுவே இங்கும் நிகழ்கிறது. இவ்வழுத்தம் நீடிக்குமாயின், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் துளை வழியே மார்புக்குள் நழுவுதலும் நேரலாம். மேலும் பருமனுற்றோரிடத்துச் சுருக்குத்தசை காரணமின்றி நெகிழ்வதும் மிகுதி. வயிறு புடைக்க உண்பது அந்நெகிழ்ச்சியை இன்னும் பெருக்கும்.

மெலிந்தோர்க்கு இந்நோய் வாராது என்பதன்று. பருத்தோர் அனைவர்க்கும் வரும் என்பதுமன்று. கருவுற்ற மகளிர்க்கும் இது பெரிதும் வருவதுண்டு. பருமன் இதன் வாய்ப்பை உயர்த்துகிறது என்பதே நாம் கொள்ளத்தக்கது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்க நாட்டில் 1976இல் தொடங்கிய செவிலியர் உடல்நல ஆய்வு புகழ்பெற்றது. அதிற் சேர்ந்த மகளிருள் 10,545 பேரிடம் நெஞ்செரிச்சல் குறித்து வினவப்பட்டது. முடிவுகள் 2006இல் வெளியாயின. ஐவரில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் வாரம் ஒருமுறையேனும் துன்புற்றனர். எடை ஏற ஏற நோயின் வாய்ப்பும் ஏறியது. நம்மைச் சிந்திக்க வைக்கும் செய்தி மற்றொன்று. இயல்பான எடையுடைய பெண்களிடத்தும், உடல் நிறைக் குறியீடு 3.5க்கு மேல் கூடியபோது, அடிக்கடி எரிச்சல் வரும் வாய்ப்பு உயர்ந்திருந்தது.

அக்குறியீடு என்பது கிலோ எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்துப் பெறுவது. 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்மணி 50 கிலோவிலிருந்து 58 கிலோவைக் கடந்தால் குறியீடு ஏறத்தாழ 3.5 கூடிவிடும். 'பருமன்' என்று பிறர் சொல்லும் நிலையை அவர் அடைந்திரார். எனினும் நோய்க்கு வழி திறந்துவிட்டது. இந்தியர்க்குக் குறியீடு 23ஐக் கடந்தால் மிகை எடை, 25ஐக் கடந்தால் பருமன் என மருத்துவர் வரையறுத்துள்ளனர். ஆடவர்க்கு 90 செ.மீ., மகளிர்க்கு 80 செ.மீ. என்பன இடைச்சுற்றின் எல்லைகள்.

எடை குறைந்தால் நோய் குறையுமா? மிகை எடையுடைய 332 பேர் உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மேற்கொண்ட ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. ஆறு திங்களில் அவர்கள் சராசரி 13 கிலோ குறைந்தனர். தொடக்கத்தில் 37 விழுக்காட்டினர்க்கு இருந்த நோய் 15 விழுக்காடாகத் தாழ்ந்தது. மாத்திரைகள் அமிலத்தின் கடுமையைத் தணிப்பன. வயிற்றின் அழுத்தத்தைத் தணிப்பன அல்ல. இவ்வேறுபாட்டை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

மரக்கறி உண்போர்க்குப் பருமன் வாராது என்று எண்ணி வாளாவிருத்தல் பிழை. நெய்யும் இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் மரக்கறியே. நோன்பிருந்து மறுநாள் பாரணையில் வயிறு நிறைய இவற்றை உண்பது, எதுக்களிப்பை நாமே அழைப்பதாகும்.

கதிரவன் மறையுமுன் உண்ணும் விரதம் உயிர்க்கொலை தவிர்க்கும் பொருட்டு வகுக்கப்பட்டது. வயிற்று நலம் கருதியன்று. எனினும், படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னரே உணவை முடிக்க வேண்டுமென மருத்துவர் கூறும் அறிவுரை அதனோடு இயல்பாகவே பொருந்துகிறது. புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய அவமோதரியம், அதாவது குறையுண்டல், இரைப்பை விரிந்து தசை நெகிழாமல் காப்பதற்கும் உதவும்.

படுக்கையின் தலைப்புறக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள கட்டைகளை வைத்தல் நன்று. தலையணைகளை மட்டும் அடுக்கினால் உடல் வளைந்து வயிறு அழுந்தும். இடப்புறம் சாய்ந்து உறங்குவதும், இடுப்பில் ஆடையை இறுகக் கட்டாமையும், புகையிலையை விலக்குவதும் பயன் தரும். நாள்தோறும் நடத்தல் வேண்டும். ஆயின் உண்டவுடன் குனிந்து வேலை செய்தல் ஆகாது.

விழுங்க இயலாமை, இரத்த வாந்தி, கரிய மலம், முயலாமலே எடை குறைதல் ஆகியவை தோன்றினால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. மார்பில் அழுத்தமான வலி தோன்றி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சிரைப்பும் சேருமாயின் அதனை 'வாயு' எனக் கருதி வீட்டில் இருத்தல் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். பருமனுடையோர்க்கு இவ்விரு நோய்களும் வரும் வாய்ப்பு உண்டாகையால், உடனே மருத்துவமனை செல்வதே அறிவுடைமை.

எடை ஓரிரவில் ஏறியதன்று. ஓரிரவில் இறங்கவும் இறங்காது. இன்றிரவு உணவில் ஒரு கவளம் குறைப்பதிலிருந்து நாம் தொடங்குவோமாக.