ஆவுளியாவும் ஓர் உம்மத்துதான்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!



பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் கடலை நம்பிப் பிழைக்கிற நமக்கு ஆவுளியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடல் பசு என்றும் சொல்கிறோம். அது மீன் இனம் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணி. கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழ்கிறது. யாரையும் கடிக்காது, துரத்தாது. அந்தச் சாதுவான பிராணி நம் கடலில் அரிதாகிப் போய்விட்டது. அதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை இந்த ஜும்ஆவில் சிந்திப்போம்.

அவையும் சமுதாயங்களே

பூமியில் ஊர்ந்து திரிபவையும் சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-வது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். அங்கே அவன் பயன்படுத்தும் சொல் ‘உமம்’. உம்மத் என்பதன் பன்மை அது.

முற்காலத்து நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஓர் எறும்பு. அதற்காக என்னைத் துதிக்கிற ஓர் உம்மத்தையே அழித்துவிட்டீரே என்று அல்லாஹ் அவரைக் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. எண்ணற்ற எறும்புகளில் ஒரு புற்றுக்கே இந்தக் கேள்வி என்றால், ஓர் இனமே நம் கையால் இல்லாமல் போனால் மறுமையில் என்ன பதில் சொல்வோம்?

கடலில் உள்ளது ஹலால்தானே?

‘ஹஜ்ரத், கடலில் வாழ்வது ஹலால்தானே, பிடித்தால் என்ன?’ என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஹனஃபி மத்ஹபில் கடல் பிராணிகளில் மீன் இனம் மட்டுமே ஹலால். ஆகவே ஹனஃபிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது. நம் கரையோரத்தில் பெரும்பான்மையினர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அதில் கடல் பிராணிகள் விஷயத்தில் தாராளம் உண்டு.

ஆனால், உண்ண அனுமதி இருக்கிறது என்பதற்கு, அழித்துவிடலாம் என்று பொருளல்ல. மதீனாவின் எல்லைக்குள் மரங்களை வெட்டக்கூடாது, வேட்டையாடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். எல்லைக்கு வெளியே ஹலாலான அதே மான் எல்லைக்குள் வந்தால் தொடக்கூடாது. மானின் இறைச்சி ஹராமாக இருப்பதால் வந்த தடையா இது? இல்லை. ஹலாலான ஒன்றுக்கும் வரம்பு உண்டு என்பதே இதன் பாடம்.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா முதல் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இப்படி ஒன்று அதுதான் முதல். பொதுநலனுக்காகப் போடப்பட்ட, பாவத்தை ஏவாத ஒரு சட்டத்தை மதிப்பது முஃமினின் கடமை. அதை மீறி, மறைத்து விற்று வருகிற காசில் பரக்கத்தை எப்படித் தேடுவது?

கைக்கெட்டும் சோதனை

கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டுகிற வேட்டையைக் கொண்டு, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என்று சோதிப்பதாக அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் கூறுகிறான். சனிக்கிழமை மீன் பிடிக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட கடலோர ஊர்க்காரர்களின் வரலாறும் நமக்குத் தெரியும். அந்த நாளில்தான் மீன்கள் நீர்மட்டத்தில் துள்ளி வந்தன. அவர்கள் மீறினார்கள், அழிந்தார்கள்.

நடுக்கடலில் வல்லத்தில் இருப்பவரை அதிகாரி பார்ப்பதில்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவும் அவரும் மட்டுமே இருப்பார்கள். அல்லாஹ் பார்க்கிறான்.

சகோதரர்களே! ஆவுளியா மீனைப் போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதில்லை. ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடுகிறது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். தாயைக் கொன்றால் பால்குடி மாறாத குட்டியும் பிழைக்காது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை பதறிச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு உத்தரவிட்டார்கள் (அபூதாவூத்).

நாம் செய்ய வேண்டியது

ஆவுளியா மூச்சு விடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் நீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். எனவே கண்டவுடன், தாமதிக்காமல் வலையை அறுத்து விட்டுவிடுங்கள். வலை நஷ்டம் சின்ன விஷயமல்ல என்பது எனக்கும் தெரியும். இப்படி விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை சன்மானம் வழங்கியிருக்கிறது. தகவல் கொடுத்துக் கேளுங்கள். சம்மாட்டிமார்களே! அந்த நஷ்டத்தைக் கூலிக்கு வந்தவரின் பங்கில் பிடிக்காதீர்கள். ஜமாஅத்துகளும் பைத்துல்மால் மூலம் அவருக்குக் கைகொடுக்கலாம்.

கடற்புல் வளரும் இடத்தில் இழுவை மடியை இழுக்காதீர்கள். அந்தப் புல்தரைதான் இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் தொட்டில். அதைச் சுரண்டினால் ஆவுளியாவுக்கு முன்னால் நம் உலைதான் அணையும். கிழிந்த வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டு வாருங்கள். கடலுக்குப் போகாத நமக்கும் கடமை உண்டு: மருந்து என்றும் ருசி என்றும் சொல்லி யார் இதன் கறியைக் கொண்டு வந்தாலும் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லையென்றால் விற்பவர் இல்லை.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரை அல்லாஹ் மன்னித்தான். ஒரு வலையை அறுத்து ஓர் உயிரைக் கடலுக்குத் திருப்பி அனுப்புபவரின் கூலியும் அவனிடம் வீணாகாது.

நம் பிள்ளைகளும் இந்தக் கடலில் ஆவுளியாவைக் காணும்படி, அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.