மீன்தொட்டியை இடம் மாற்றுதல்: இல்லறத்தார்க்கு ஒரு பாடம்

கொல்லாமை என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பெற்றுள்ளன. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவை வண்டி மாட்டுக்கும் குதிரைக்கும் உரியன என்றே நாம் எண்ணி வந்தோம். கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும் மீனும் ஐயறிவுயிரே. புதிதாக மீன் வாங்கி வளர்க்காதிருத்தல் நன்று என்பது நம் கருத்து. எனினும், முன்னரே வளர்த்து வருவோர் வீடு மாறுங்கால் அவ்வுயிர்கள் மடியாமற் காப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எடையை அறிதல்

நான்கு அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடைய தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர் நீர் பிடிக்கும். எனவே நீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கூழாங்கல், தாங்கி ஆகியன சேர 300 கிலோவைத் தாண்டும். இவ்வளவும் 6 சதுர அடியில் அமர்கிறது. குடியிருப்பு அறைகளின் தளமோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ தாங்குமாறு கணக்கிடப்படுவது வழக்கம். ஆதலின், தொட்டியை அறையின் நடுவில் வையாது, சுவரை ஒட்டி, கீழே உத்திரம் செல்லும் இடத்தில் வைத்தல் வேண்டும். மாடி வீடாயின் பொறியாளர் ஒருவரைக் கேட்டறிதல் நலம். வெயில் நேரே படும் இடமும் ஆகாது. பாசி பெருகும், நீரும் சூடேறும்.

2. கண்ணுக்குப் புலனாகா உயிர்கள்

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பழைய நீரைக் கொண்டு சென்றால் போதும் எனப் பலர் கருதுவர். அந்நுண்ணுயிர்களோ நீரில் மிதப்பதினும் வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டியே மிகுதியாக வாழ்கின்றன. பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் அவற்றைக் கொல்லும். உலரவிட்டாலும் அவை மடியும். மீண்டும் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். பத்திரமாக வந்து சேர்ந்த மீன்கள் சில நாட்கள் கழித்து ஒவ்வொன்றாக இறப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே பஞ்சைத் தொட்டி நீரிலேயே நனைத்து, ஈரத்தோடு கொண்டு செல்க.

3. புறப்படும் முறை

முதல் நாள் மீன்களுக்கு உணவிடலாகாது. இஃது உணவு மறுத்தல் என்னும் குற்றம் ஆகாதோ எனின், ஆகாது. உண்ட மீன் பையிலுள்ள சிறிதளவு நீரை விரைவில் மாசுபடுத்தும். அந்நீரே அதற்கு நஞ்சாகும். நலமாக உள்ள மீனுக்கு ஒருநாள் பட்டினியால் கேடில்லை. காக்கும் பொருட்டு நிறுத்துவது வேறு, வருத்தும் பொருட்டு மறுப்பது வேறு.

மின் இணைப்பைத் துண்டித்தபின், பாதி நீரைச் சோப்புப் படாத வாளிகளில் எடுத்து வைக்கவும். செடிகளையும் பெரிய கற்களையும் முன்னரே அகற்றிவிட்டால் மீன்களைத் துரத்தி அலைக்கழிக்க வேண்டியிராது. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய இடத்தில் காற்றும் இருக்கட்டும். பைகளை இருட்டான பெட்டியில் வைத்தால் மீன்கள் அமைதியுறும். நீரோடும் கல்லோடும் தொட்டியைத் தூக்குதல் கூடவே கூடாது. கண்ணாடியை ஒட்டியுள்ள சிலிகோன் பசை விட்டுப்போகும்.

4. நிறுவும் முறை

தாங்கி சமமாக உள்ளதா என ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் தெர்மோகோல் பலகை விரித்துத் தொட்டியை அமர்த்துக. குழாய் நீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் அகலும். குளோரமின் கலந்த நீராயின் அங்ஙனம் அகலாது. அதற்குரிய மருந்தைச் சேர்த்தல் வேண்டும். பழைய நீரோடு இதனையும் நிரப்பி, வடிகட்டியை உடனே இயக்குக. பைகளைக் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றியபின், மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. இரண்டு வாரம் உணவைக் குறைத்தே இடவும்.

5. எஞ்சிய மீன்கள்

கொண்டுசெல்ல இயலாத மீன்களை ஏரியிலோ கோயிற் குளத்திலோ விடுதல் அறமன்று. தொட்டியைத் தூய்மை செய்யும் என்று வாங்கப்படும் உறிஞ்சுவாய் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அது தமிழகத்து நீர்நிலைகள் பலவற்றில் பரவி, நம் நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்கிறது. ஓருயிரை விடுவிப்பதாக எண்ணிப் பல்லுயிர்க்குத் தீங்கு செய்யாது, வளர்க்கத் தெரிந்தவர்பால் ஒப்படைப்பதே முறை.

சிந்திக்க:

அ) 3 அடி நீளம், 1 அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டியில் எத்தனை கிலோ நீர் இருக்கும்?

ஆ) வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவலாகாது, ஏன்?

இ) ஐந்து அதிசாரங்களுள் மீன்தொட்டிக்குப் பொருந்துவன எவை? பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து ஆராய்க.