மதில்மேல் பூனைகளா?

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அமெரிக்காவில் சிலர் ஒரே நாளில், ஒரே வாக்குச்சீட்டில், அதிபர் பதவிக்கு ஒரு கட்சியையும் பிரதிநிதிகள் சபைக்கு எதிர்க்கட்சியையும் தேர்ந்தெடுக்கிறார்களே, இவர்களுக்குக் கொள்கையே கிடையாதா என்று. மதில்மேல் பூனைகள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது எளிது. அவசரப்படாதே அம்மா.

முதலில் கணக்கைப் பார். அந்தச் சபையில் 435 இடங்கள். 2024 தேர்தலில் டிரம்ப் முந்திய 13 தொகுதிகளில் ஜனநாயகக் கட்சியினர் வென்றார்கள். கமலா ஹாரிஸ் முந்திய 3 தொகுதிகளில் குடியரசுக் கட்சியினர் வென்றார்கள். மொத்தம் 16தான். ஆனால் சபையின் பெரும்பான்மை 220க்கு 215 என்ற மயிரிழையில் நின்றது. தராசு முள் இந்த மக்களின் கையில் இருக்கிறது.

அவர்கள் வேட்பாளரிடம் எதிர்பார்ப்பது என்ன? அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்தால் விடை தெரியும்.

வாஷிங்டன் மாநிலத்தின் 3ஆம் தொகுதி. கிராமமும் காடும் நிறைந்த, டிரம்ப் பக்கம் சாய்ந்த மண். அங்கே 2022இல் ஜனநாயகக் கட்சியின் மேரி குளூசென்காம்ப் பெரஸ் 3,000க்கும் குறைவான வாக்குகளில் வென்றார். கணவரோடு சேர்ந்து கார் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். வாங்கிய டிராக்டரை உரிமையாளரே பழுதுபார்க்கச் சட்டம் வழிவிட வேண்டும் என்று வாதாடுபவர். கையில் கிரீஸ் படிந்தவரின் கஷ்டம் தெரிந்தவர் என்று மக்கள் நம்பினார்கள். 2024இலும் அவரையே அனுப்பினார்கள்.

நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத் தொகுதியில் டான் பேக்கன், ஓய்வுபெற்ற விமானப்படை பிரிகேடியர் ஜெனரல், குடியரசுக் கட்சிக்காரர். 2021இல் பைடன் அரசின் சாலை, பாலத் திட்டங்களுக்கான சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் ஆதரித்த அக்கட்சியின் 13 பேரில் அவரும் ஒருவர். பாலம் யார் ஆட்சியில் கட்டப்பட்டாலும் நடப்பது நம் ஊர்க்காரர்தானே! 2020, 2024 இரண்டிலும் அதிபர் தேர்தலில் அந்தத் தொகுதி ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது, அவரையும் தேர்ந்தெடுத்தது.

மூன்றாமவர் மெயின் மாநிலத்தின் ஜேரட் கோல்டன், ஜனநாயகக் கட்சி. தன் கட்சியின் நிலைக்கு மாறாக, தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்வதை எதிர்த்து வந்தவர். 2023 அக்டோபரில் அவருடைய சொந்த ஊரான லூயிஸ்டனில் ஒருவன் 18 பேரைச் சுட்டுக் கொன்றான். மறுநாள் கோல்டன் தன் நிலைப்பாடு தவறு என்று வெளிப்படையாகச் சொல்லி, மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். வேட்டைத் துப்பாக்கி வீட்டுப் பொருளாக இருக்கும் தொகுதி அது. அவர் சொன்னதை ஏற்காதவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 2024இல் மிகக் குறுகிய வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

இந்த மூவரும் எல்லாவற்றிலும் நட்டநடுவே நிற்பவர்கள் இல்லை. ஊருக்கும் கட்சிக்கும் மோதல் வந்தபோது, ஒரு முறையாவது ஊரின் பக்கம் நின்றவர்கள். வாக்காளர் தேடுவது அதைத்தான்.

கட்சியை எதிர்த்து நிற்பதற்கு விலையும் உண்டு. குளூசென்காம்ப் பெரஸுக்கு முன் அந்தத் தொகுதியில் இருந்தவர் குடியரசுக் கட்சியின் ஜேமி ஹெரேரா பியூட்லர். டிரம்பைப் பதவிநீக்கும் தீர்மானத்தை 2021இல் ஆதரித்தார். அடுத்த ஆண்டு, இறுதித் தேர்தலுக்கான வேட்பாளர்களை வடிகட்டும் முதற்கட்டத் தேர்தலிலேயே முதல் இரண்டு இடங்களுக்குள் வர முடியாமல் வெளியேறினார். முதற்கட்டத்தில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வருபவர்களில் தீவிரமானவர்களே அதிகம். நிதானமானவர்கள் வீட்டில் இருந்துவிட்டால், நிதானமான வேட்பாளரும் காணாமல் போவார்.

விரைவில் உன் பெயரும் வாக்காளர் பட்டியலில் ஏறும். வாசலுக்கு வந்து கைகூப்பும் வேட்பாளரிடம் தண்ணீர், சாலை பற்றிக் கேள். கூடவே இதையும் கேள்: "எங்கள் ஊருக்காக உங்கள் கட்சியை எதிர்த்து எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?" அவர் பதிலைக் கேட்டுவிட்டு வாக்களி.

அன்புடன்,
அப்பா